வடக்கே தலைமாடு

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ரொம்ப வலித்ததா? வலித்தது என்று சொல்லி, பின்கழுத்துத் தழும்பைக் காட்டி, காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். நாலு வருஷமாக இதே பதில்தான். வலியைப் பற்றி எழுதுவதற்காக நான் இப்போது உட்காரவில்லை. அங்கே இருந்த நாற்பது நாளில் ஒரு நாள் காலையில் நான் செய்த காரியத்தை, சரியாகச் சொன்னால் செய்யாமல் விட்ட காரியத்தை, எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் நோயையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. முத்தியால்பேட்டையில் வேதவல்லி டீச்சர் என்றால் தெரியும். என் வீட்டுக்காரர் மில்லில் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு முப்பத்தாறு வயது.

முதலில் வந்தது தாகம். பள்ளிக்கூடத்துப் பானையை நானே பாதி காலி செய்வேன். வெயில் காலம், எல்லோருக்கும்தான் தாகம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஆடி மாசத்திலும் அதே தாகம். உடம்பு இளைத்தது. அக்கம்பக்கத்தில் “டீச்சர் இப்பத்தான் ஒல்லியா அழகா இருக்காங்க” என்றார்கள். எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஐப்பசியில் பின்கழுத்தில் ஒரு கட்டி கிளம்பியது. வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டினோம். பழுக்கும், உடையும் என்று பார்த்தால் அது பக்கத்தில் நாலு கண் விட்டுக்கொண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. காய்ச்சல் வேறு. அதற்குமேல்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. நடந்த தப்பு ஆஸ்பத்திரியுடையது மட்டுமில்லை.

பெரிய டாக்டர் கட்டியைப் பார்த்தார். “ராஜபிளவை” என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் கட்டியைப் பற்றி இல்லை. தாகம் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாய், புழக்கடையில் எறும்பு மொய்க்கிறதா. மொய்த்தது. நான் கவனித்து எறும்புப் பொடி தூவியிருக்கிறேன். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திராவகம் ஊற்றி, என் சிறுநீரில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம். எனக்குச் செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி வந்தது.

“ரத்தத்துல சர்க்கரை இருக்கு. அதைச் செலவு பண்ற சாறு உன் உடம்புல சுரக்கல. அந்தச் சாறைத்தான் தினம் காலைல ஊசியா போடப் போறோம்” என்றார். பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். அந்த விரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “ஊசி போட்ட அரை மணிக்குள்ள சாப்பிட்டாகணும். சாப்பிடலன்னா சர்க்கரை மடமடன்னு எறங்கிடும். வேர்க்கும், நடுங்கும், நெனப்பு தப்பும். உசிருக்கே ஆபத்து. புரிஞ்சுதா?”

புரிந்தது. ஒரு நாள் ரொட்டி வர நேரமானதில் எனக்கே அது வந்தும் போனது. விரல் நடுங்கி, நெற்றி வேர்த்து, என் வீட்டுக்காரர் முகமே யாரோ மாதிரித் தெரிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. ஆக, அந்த ஊசி என்ன செய்யும் என்று அந்தப் பெண்கள் வார்டில் படுத்திருந்த இருபத்து நாலு பேரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டியைக் கீறினார்கள். கீறிய இடத்தில் தினமும் துணித் திரியை வைத்து அடைப்பார்கள். மறுநாள் அதை உருவி எடுத்து வேறு வைப்பார்கள். உருவும்போது நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து சொல்ல ஆரம்பிப்பேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்குள் முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் முதல் ஷிப்ட் முடிந்ததும் நேரே வந்துவிடுவார். கையில் எண்ணெய்க் கறை போக மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டு, சீப்பை எடுத்து எனக்குத் தலை வாரிப் பின்னுவார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் என் முடியைத் தொட்டுப் பார்க்காத மனிதர். நூல் முறுக்குகிற கை, பின்னல் கயிறு மாதிரி இறுகி இருக்கும். வார்டு முழுக்கச் சிரிக்கும். அவரும் கூச்சப்படாமல் சிரிப்பார். ஊசி மருந்து தீர்ந்துபோன ஒரு நாள், லீவு போட்டுவிட்டுக் கடலூர் வரைக்கும் போய், ஐஸ் வைத்த கூஜாவில் மருந்தை எடுத்து வந்தார். இப்படிப்பட்டவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை.

இனிமேல் கட்டில் விஷயம்.

வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒரு வரிசைக்குத் தலைமாடு வடக்குச் சுவர், எதிர் வரிசைக்குத் தெற்குச் சுவர். கட்டிய வெள்ளைக்காரனுக்குத் திசையைப் பற்றி என்ன கவலை? எனக்குக் கொடுத்தது பதினோராம் நம்பர், வடக்கு வரிசை. வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுசு தேயும் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவள்தான். பூமி உருண்டை என்று பலகையில் வரைந்து காட்டுகிறவள்தான். ஆனாலும் கழுத்தில் புண்ணோடு, காய்ச்சலோடு, பழக்கமில்லாத இடத்தில் வடக்கே தலை வைத்துப் படுத்தபோது அந்த உருண்டை எல்லாம் எங்கோ போய்விட்டது. பத்தாம் நம்பரில் இருந்த அம்மாள் இறந்துபோனாள். அவளும் வடக்கே தலை வைத்தவள்தான் என்று மனது கணக்குப் போட்டது. தெற்கு வரிசையில் அதே வாரம் இரண்டு பேர் இறந்தார்கள். அது என் கணக்கில் சேரவில்லை.

வார்டு ஒரு கன்னியாஸ்திரீ கையில் இருந்தது. அவர்களை நாங்கள் மாசேர் என்று கூப்பிடுவோம், புதுச்சேரிப் பழக்கம். காரைக்கால் பக்கத்துத் தமிழ்ப் பெண்தான். ஐம்பது வயது இருக்கும். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. நான் கட்டிலை மாற்றிக் கேட்டேன்.

“மாசேர், எனக்கு எதிர் வரிசைல எடம் குடுங்களேன்.”

“எதுக்கு?”

காரணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

“டீச்சர்தானே நீ? இங்க கட்டில் நம்பர்தான் ஆளு. அட்டை கட்டில்ல தொங்குது, மருந்து அட்டையப் பார்த்து வருது. ஆளாளுக்கு எடம் மாத்துனா நான் யாருக்கு எதைக் குடுக்கறது? மாத்துனவங்கள அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நானே வகுப்பில் அப்படித்தான். எந்தெந்த பெஞ்சில் யார் யார் உட்கார வேண்டும் என்று வைத்திருக்கிறேன். தலையைத் தூக்காமலே ஆஜர் எடுப்பேன். இடம் மாறி உட்கார்ந்த பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். அவ்வளவும் தெரிந்தவள்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

எனக்கு நேர் எதிரே இருபத்து மூன்றாம் நம்பரில் பாக்கியம். கனகசெட்டிக்குளத்து மீன்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் வந்து சேர்ந்தவள். விலாவில் ஊசியைச் செலுத்தி நீரை எடுத்திருந்தார்கள். தினமும் சாயங்காலம் இடுப்பில் ஒரு ஊசி போடுவார்கள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவளுக்கு இறங்காது. ரொட்டியைக் கண்டாலே குமட்டும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. என் புலம்பலை நாலு நாள் கேட்டுவிட்டு, ஐந்தாம் நாள் அவளே சொன்னாள்.

“மீன் கூடை தூக்குற தலை டீச்சரம்மா இது. எந்தப் பக்கம் வச்சா என்னா? நீ இங்க வந்து படு, நான் அங்க போறேன்.”

“மாசேர் திட்டுவாங்கக்கா.”

“அந்தம்மா மூணு மணிக்குக் கோயிலுக்குப் போவும்ல. அப்ப மாத்திக்கலாம்.”

வேண்டாம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று மணிக்கு மாசேர் ஜெபத்துக்குப் போனதும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி டம்ளர், சொம்பு, துணி மூட்டையை எல்லாம் தூக்கிக்கொண்டு இடம் மாறினோம். கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்ற பாக்கியம் கை வைத்தாள்.

“அது இருக்கட்டும்க்கா. மாத்துனா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. நாளைக்கு மாசேர் நல்லா பேசற நேரமாப் பார்த்து நானே சொல்லிடறேன்.”

இதைச் சொன்னது நான். பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஊசி போட வந்தது வேறு நர்ஸ், ஊர்ப் பெண். அவள் அட்டையைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவள். “பாக்கியம்” என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இருபத்து மூன்றில் நான் இருந்தேன். பாக்கியம் எதிர்க் கட்டிலிலிருந்து கை தூக்கினாள். “எங்க கெடந்தா என்னா, இடுப்பக் காட்டு” என்று போட்டுவிட்டுப் போய்விட்டாள். பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தப் பெண் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அன்று ராத்திரி தெற்கே தலை வைத்து, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து முதல் முறையாக அசந்து தூங்கினேன்.

விடிந்தபோது நல்ல மழை. கார்த்திகை மழை, ஜன்னலை எல்லாம் சாத்தியிருந்தார்கள். மின்சாரம் போய்விட்டது. குளிருக்கு எல்லோரும் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். பக்கத்து வார்டு மாசேருக்குக் காய்ச்சல் என்பதால் எங்கள் மாசேரே இரண்டு வார்டையும் பார்க்க வேண்டியிருந்தது. ஏழு மணிக்கு ஊசித் தட்டோடு வேகமாக வந்தார். ரப்பர் மூடி போட்ட சின்ன மருந்துக் குப்பி அந்தத் தட்டில் இருந்தது. எனக்கு அது அடையாளம் தெரியும். என்னுடைய மருந்து.

பதினோராம் நம்பர் கட்டில் முன்னால் நின்றார். அரிக்கேன் வெளிச்சத்தில் அட்டையைப் பார்த்தார். மருந்தை இழுத்தார்.

“கையை நீட்டு.”

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. பாக்கியத்தின் கை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டில், நாலு எட்டு தூரம். மாசேர் என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். வாய் வரைக்கும் வந்தது. கூடவே வந்தது அவர் முகம். எல்லோர் முன்னாலும், டீச்சர்தானே நீ, வீட்டுக்குப் போ என்று சொல்லப் போகிற முகம். பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றுகிறவளுக்குத் தான் ஏறி நிற்க வெட்கம். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்ததா என்று நாலு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

போர்வை விலகி பாக்கியத்தின் கண் தெரிந்தது. நேராக என்னைப் பார்த்தது. நான் புண் வலிக்க வலிக்க மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். ஊசி ஏறிவிட்டது.

மாசேர் பக்கத்து வார்டுக்குப் போனதும் எழுந்து உட்கார்ந்தேன். அவளைச் சாப்பிட வைத்துவிட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று மனது வேலை செய்தது. ரொட்டியும் காபியும் வந்ததும் அவள் கட்டிலுக்குப் போனேன்.

“ரெண்டு வாய் சாப்பிடுங்கக்கா.”

“வேணாம் டீச்சரம்மா. கொமட்டுது.”

“காபியில தொட்டுச் சாப்பிடுங்க. எனக்காக.”

“என்னா இன்னிக்கு இப்படி கெஞ்சற?” என்று சிரித்தாள். ஒரு விள்ளல் வாயில் போட்டு, அதையும் துப்பிவிட்டாள். காபியை இரண்டு மடக்கு குடித்தாள். என் வீட்டுக்காரர் கொண்டு வந்து வைத்திருந்த வாழைப்பழம் எனக்கு ஆகாது என்று ஓரமாக இருந்தது. அதை உரித்துக் கொடுத்தேன். பாதி தின்றாள். போதும் என்று படுத்துக்கொண்டாள். பாதிப் பழம் போதும் என்று நானும் என்னை நம்ப வைத்துக்கொண்டு என் கட்டிலுக்குத் திரும்பினேன்.

எட்டரைக்கு அவளுக்கு வேர்த்தது. அந்த மழைக்குளிரில் விரிப்பு நனைகிற மாதிரி வேர்வை. காய்ச்சல் விடுகிறது என்றாள் பக்கத்துக் கட்டில்காரி. எனக்குத் தெரியும் அது என்ன என்று. ஒன்பது மணிக்கு ஏதேதோ பேசினாள். மீன் விலை சொன்னாள், யாரையோ திட்டினாள், எழுந்து கூடையைத் தேடினாள். பிறகு கண் மேலே செருகிக்கொண்டு கை கால் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயோரம் ரத்தம்.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். நாடியைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்தார். நுரையீரல் நோயாளி, இருதயம் தளர்ந்துவிட்டது என்று நினைத்து அதற்குத்தான் மருந்து கேட்டார். மாசேர் ஊசியை ஏற்றினார். இருதயத்துக்கான மருந்து. அது அவளுக்கு ஒன்றும் செய்யப் போவதில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் இரண்டு மூச்சு நேரம் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பிறகுதான் வாய் திறந்தது.

“டாக்டர், அது என் கட்டில். நாங்க எடம் மாத்திக்கிட்டோம். காலைல எனக்குப் போட வேண்டிய ஊசிய அவங்களுக்குப் போட்டுட்டாங்க.”

மாசேர் அட்டையைப் பார்த்தார். பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்கு வழி விட்டார். டாக்டர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய கண்ணாடி ஊசியில் குளுகோஸை ஏற்றி, நரம்பில் நேராகச் செலுத்தினார். நான் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாக்கியத்தின் கண் திறந்தது.

உயிர் வந்துவிட்டது. ஆனால் மகன் பேரைக் கேட்டதற்கு விழித்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பேர் அவளுக்கு வரவில்லை. மகன் எதிரே நின்று “அம்மா, நான்தாம்மா” என்று அழுதுகொண்டிருந்தான். கடித்த நாக்கில் மூன்று நாளைக்குக் கஞ்சிகூடப் படக் கூடாது. எனக்கு அன்றைக்கு ஊசியே போடவில்லை. சாயங்காலம் நீலத் திராவகம் மறுபடியும் செங்கல்லாக வந்தது. இன்னும் மோசமாக வந்திருந்தாலும் எனக்கு வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் மாசேரை வார்டு நடுவில் நிற்க வைத்துப் பிரெஞ்சில் பேசினார். எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. முகத்தைப் பார்க்காமல் ஊசி போடுவாயா என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. மாசேர் வெளிச்சமில்லை என்றோ, இரண்டு வார்டு என்றோ, இடம் மாற்றக் கூடாது என்று இவளிடம் முன்பே சொல்லியிருந்தேன் என்றோ எதுவும் சொல்லவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

“ஊசி போடறப்ப நீ பார்க்கலையா?”

“தூங்கிட்டேன் டாக்டர்” என்றேன்.

அது இரண்டாவது. முதலாவது மௌனம், இரண்டாவது பொய். “இப்பவாவது சொன்னியே, அதனாலதான் பொழச்சா” என்று டாக்டர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மாசேர் ஊசித் தட்டோடு வந்தார். முதல் கட்டிலிலேயே நின்றார். அட்டையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“உன் பேர் என்னா?”

“என்ன மாசேர், ஒரு மாசமா பார்க்கறீங்க, பேர் தெரியாதா?” என்றாள் அந்தக் கட்டில்காரி.

“தெரியும். நீ சொல்லு.”

அவள் சொன்ன பிறகு அட்டையில் எழுதியிருந்த பேரை விரல் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் ஊசியை எடுத்தார். இருபத்து நாலு கட்டிலிலும் அப்படியே. காலை வேலை முடிய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. மருந்துத் தண்ணீர் கொடுப்பதற்குக்கூடப் பேர் கேட்டார். வார்டில் கேலி செய்தார்கள். ஸ்கூல் ஆஜர் மாதிரி இருக்கிறது, டீச்சர்தான் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று சிரித்தார்கள். என் முறை வந்தது. பழையபடி பதினோராம் நம்பரில், வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தேன்.

“உன் பேர் என்னா?”

“வேதவல்லி.”

தினமும் ஒரு தடவை அந்தப் பேரை அவர் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. பன்னிரண்டு நாள் சொன்னேன். கூடவே, நான் தூங்கவில்லை மாசேர் என்றும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகிற நாளில் அதற்காகவே வாசல் வரை போய், திரும்பி அவரிடம் வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ அன்னிக்கு வாய் திறக்கலன்னா நான் ஒரு உசிரைக் கொன்னவளா இருந்திருப்பேன்” என்றார். அதைக் கேட்ட பிறகு வந்த காரியத்தைச் சொல்லாமலே வாசலுக்குத் திரும்பினேன். மறு வருஷம் நான் போய்க் கேட்டபோது அவரைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இன்று வரைக்கும் அவருக்குத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் என்றைக்காவது ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், என் அனுபவத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன். யார் மருந்தோடு வந்தாலும் அவர்கள் கேட்பதற்கு முன்னால் உங்கள் பேரைச் சொல்லுங்கள். என்ன மருந்து, எதற்கு என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தப்பு நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நிமிஷமே கத்துங்கள். திட்டு வாங்கியவர்கள் யாரும் செத்ததில்லை. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை: எங்களுக்கு உங்களிடம் பயம். அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் நாங்கள் உண்மையைச் சொல்ல மாட்டோம்.

இவ்வளவு நியாயம் பேசுகிறவள் பாக்கியத்திடம் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள்.

அவள் தேறி வீட்டுக்குப் போன மூன்றாம் மாதம் எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். விசாரித்து வந்துவிட்டாள். சங்கராவும் கிழங்காவும் இருந்தன. சர்க்கரைக்கு மீன் நல்லது என்று டாக்டர் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தாள். அன்றிலிருந்து வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவாள். உசிரைக் காப்பாற்றின டீச்சரம்மா என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறாள். ஒன்று மட்டும் பழையபடி ஆகவில்லை. பேர்கள் அவளுக்கு வழுக்குகின்றன. இருபது வருஷமாக மீன் வாங்குகிற வீட்டுக்காரிகளின் பேரைக்கூட யோசித்து, தலையைச் சொறிந்து, கடைசியில் “கறுப்பம்மா”, “மாடி வூட்டம்மா” என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள். என் பேரை நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். நிற்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் மீனை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது என் பேரை மறுபடி தேடினாள். “உன் பேரு... இரு, வரும்... வரலியே” என்று தன்னைத்தானே நொந்து சிரித்தாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, அன்னிக்கு நான் தூங்கல. மாசேர் உங்களுக்கு ஊசி போடறதப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது என் ஊசின்னு தெரியும். திட்டுவாங்கன்னு பயந்து சும்மா இருந்துட்டேன்.”

பாக்கியம் கையிலிருந்த மீனைக் கீழே வைக்கவில்லை. செதிலைத் தட்டிக்கொண்டே பேசினாள்.

“தெரியும் டீச்சரம்மா. நீ என்னைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கினதை நானும் பார்த்தேன்ல.”

அந்த மீனை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“என் ஊசி சாயங்காலம், இடுப்புல. காலைல கையில குத்துறாங்களேன்னு அப்பவே நெனச்சேன். அப்புறம் நீ ரொட்டி தின்னச் சொல்லி அந்தக் கெஞ்சு கெஞ்சினியே, அப்ப நல்லாவே தெரிஞ்சிடுச்சு, இது உன்னுதுன்னு.”

“அப்ப நீங்க ஏங்கா மாசேர் கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? எடம் மாத்துனவங்கள வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு அந்தம்மா உன்கிட்டத்தான சொல்லிச்சு? கழுத்துல அவ்ளோ பெரிய புண்ண வச்சிக்கினு நீ எங்க போவ? ஒரு ஊசிதான, என்னா பண்ணிடும்னு இருந்துட்டேன்.”

மீனை இலையில் சுருட்டி என் கையில் கொடுத்தாள். கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். சும்மாட்டைச் சரி செய்துகொண்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் மீனை அரிவாள்மனை பக்கத்தில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வரும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த மழைக்காலையில் இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் மூடிக்கொண்டது எனக்காக. நான் மூடிக்கொண்டதும் எனக்காகத்தான்.